முன்பக்கத்தில் நான், பின்பக்கத்தில் என் அத்தை

ஆய்வுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் குழுவில் என் பெயர் இருக்கிறது. எங்க தெருவுல சிலபேருக்கு அதுல ரொம்பப் பெருமை. நம்ம பய பேரு புரபசருங்க பேரோட ஒண்ணா அச்சாகியிருக்கு என்றார்கள். ரெண்டு நாள் நானும் சந்தோசமாத்தான் இருந்தேன். பொய் சொல்லக் கூடாது.

இந்தப் பதவி எப்படி வந்தது? விளம்பரமா, விண்ணப்பமா, நேர்காணலா? ஒரு மண்ணும் கிடையாது. ஒரு போன் வந்தது. 'தம்பி, விளிம்புநிலை மக்கள் சிறப்பிதழ் போடுறோம். குழுவுல ஒங்க ஆளு ஒருத்தரும் இருந்தா நல்லாருக்கும். பேரப் போட்டுக்கட்டுமா?' ஒங்க ஆளு! அந்த வார்த்தை அன்னைக்கே காதுல உறுத்தியிருக்கணும். நான் எம்.ஏ. தமிழோடு நின்றவன். போட்டுக்குங்க ஐயா என்று சொல்லிவிட்டேன்.

இதழ் வந்தது. முன்பக்கத்தில் தலைமை ஆசிரியர், இணை ஆசிரியர், ஆசிரியர் குழு, ஆலோசனைக் குழு என்று ஒரு படையே நிற்கிறது. எல்லார் பெயருக்கு முன்னாலும் முனைவர். கடைசி வரியில் நான். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் களப்பணியாளர். உள்ளே இருந்த ஒரு கட்டுரையைக்கூட எனக்குப் படிக்க அனுப்பவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களோடு சேர்ந்துதான் நானும் அதைப் பார்த்தேன்.

கடைசிக் கட்டுரை எங்க ஊர் ஒப்பாரியைப் பற்றியது. அதன் முடிவில் தகவலாளர் பட்டியல். மூன்றாவது பெயர் என் அத்தையுடையது. வயது 68. கல்வி: இல்லை. தொழில்: கூலி. அடுத்து, சாதி. அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அத்தைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். 'எம்பேரு பொஸ்தவத்துல வந்திருக்காமுல்ல, வாசிடா' என்று வந்து உட்கார்ந்தாள். பெயரை வாசித்தேன், வயதை வாசித்தேன், நிறுத்திவிட்டேன். 'அப்பறம்?' என்றாள். அவ்வளவுதான் அத்தே என்றேன்.

முன்பக்கத்தில் யாருக்கும் வயது இல்லை, சாதி இல்லை. தலைமை ஆசிரியருக்கும் கிடையாது, கட்டுரை எழுதினவருக்கும் கிடையாது. பாடினவளுக்கு மட்டும் உண்டு. ஆராய்கிறவர்களுக்குச் சாதி இல்லாமல் போவதும், ஆராயப்படுகிறவர்களுக்குச் சாதி மட்டுமே மிஞ்சுவதும் எந்த ஆய்வுமுறை ஐயா? இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு பேசுவது பார்ப்பனர் வேலையாகவும் தரவு பொறுக்குவது சூத்திரர் வேலையாகவும் பிரிந்துகிடக்கிறது என்று கோபால் குரு 2002-இல் எழுதினார். நம்ம ஜனம் தரவு பொறுக்குகிற இடத்தில்கூட இல்லை. தரவாகவே கிடக்கிறது.

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஆய்வு மாணவி. இழவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று எங்க சனம் முடிவெடுத்த கதையை எழுதி இதே பத்திரிகைக்கு அனுப்பினாள். பதினோரு மாசம் கிணத்துல போட்ட கல்லு. பிறகு ஒரே வரி: உணர்ச்சி மிகுதி, புறவயத்தன்மை இல்லை. யார் படித்துச் சொன்னது என்று கேட்டேன். 'அது ரகசியம் தம்பி, நாங்க எழுதுனவங்க பேர மறைச்சுத்தான் அனுப்புவோம்.' பேரை மறைக்கலாம். பறையை விட்டவர்களின் கதையில் சேரியை எங்கே மறைப்பது? எழுதியது யார் வீட்டுப் பிள்ளை என்று முதல் பத்தியே காட்டிக் கொடுத்துவிடுமே.

இதில் போனது ஒரு கட்டுரை மட்டுமல்ல. 2018-இல் யூஜிசி போட்ட விதிமுறையில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கு ஆள் வடிகட்டும்போது இத்தகைய பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஆக, பத்திரிகையின் கதவைச் சாத்தினால் வேலையின் கதவும் சேர்ந்து சாத்திக்கொள்கிறது. 2019-இல் கேர் பட்டியல் என்று ஒன்று வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டதாக அறிவித்தார்கள். எது தரமான பத்திரிகை என்பதை இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டுமாம். சாவி திரும்பவும் அதே இடுப்புக்குத்தான் போய்ச் சேரும்.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த வழக்கமும் இல்லை. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழுக்கு முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார், அவருக்குப் பிறகு அவர் உறவினர் மு. இராகவையங்கார். அவர்கள் புலமையை நான் குறை சொல்லவில்லை. நாற்காலி நகர்ந்த தடத்தைத்தான் சொல்கிறேன். அதே காலத்தில், 1907-இல், இராயப்பேட்டையில் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். இலக்கியமும் வரலாறும் பௌத்தமும் வாராவாரம் எழுதினார். யாரும் அவரை எந்தக் குழுவிலும் நியமிக்கவில்லை. தன்னைத் தானே ஆசிரியராக நியமித்துக்கொண்டார். 1914-இல் அவர் செத்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்து அவர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர 1999 ஆனது. இடையில் எண்பத்தைந்து வருசம் நம்ம தமிழ்த்துறைகள் எதை ஆராய்ந்துகொண்டிருந்தன?

1966-இல் அந்தப் பெயரில் வரத் தொடங்கிய எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லிக்கு 2018-இல்தான் ஒரு தலித், அதே கோபால் குரு, ஆசிரியராக முடிந்தது. அது ஆசிரியர் நாற்காலி. அங்கே கட்டுரையை எடுக்கவும் தள்ளவும் அதிகாரம் உண்டு. எனக்குக் கொடுத்தது திண்ணை.

அதனால கேக்குறேன். குழுவுக்கு ஆள் எடுப்பதை அறிவித்து எடு. எத்தனை வருசத்துக்கு என்று எழுது. வருகிற கட்டுரை எவர் மேசைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் எங்களை உட்கார வை. தள்ளினால் ஒரு வரி போதாது, காரணத்தை எழுதிக் கொடு. தகவலாளர் பட்டியலில் சாதி போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் முன்பக்கத்திலிருந்து தொடங்கு.

இதையெல்லாம் எழுதி, குழுவிலிருந்து விலகுகிறேன் என்று பதிவுத்தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ரெண்டு இதழ் வந்துவிட்டது. ரெண்டிலும் என் பெயர் இருக்கிறது, அதே கடைசி வரியில்.

என்னைப் போலப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் தோழர்கள் இருந்தால் எழுதுங்கள். ஒரு வருசத்தில் எத்தனை கட்டுரை உங்கள் கைக்கு வந்தது என்று மட்டும் சொன்னால் போதும்.