சாப்பாடும் அறையும் இலவசம், பிறப்பு மட்டும் சொல்லவும்

“தினமும் மூன்று மணி நேரம் எங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலம் பேசுங்கள். தங்க அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.” ஸ்பெயின் முதல் சீனா வரை குடும்பங்களும் முகவர்களும் கொடுக்கிற விளம்பரங்களின் சாரம் இதுதான். கடைசி வரியில் தகுதி வரும்: நேட்டிவ் ஸ்பீக்கர். ஆங்கிலம் தெரிந்தால் போதாது, ஆங்கிலத்திலேயே பிறந்திருக்க வேண்டும்.

தென்கொரியாவில் இது விசா விதியாகவே இருக்கிறது. அங்கே ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கானது. அவர்களுக்கு எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் போதும். 2010இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தம் இந்தியர்களுக்கும் ஒரு சிறு கதவைத் திறந்தது; ஆனால் நமக்கு ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். ஒரே வேலைக்குப் பிறப்பைப் பார்த்து இரண்டு அளவுகோல். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் விம்கோ நகரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் விம்கோ. ஸ்வீடன் முதலாளிகள் இங்கே வந்து தீக்குச்சி செய்தபோது யாரும் அவர்களிடம் தாய்மொழி என்ன என்று கேட்கவில்லை. என் மாணவர்களில் பலர் எண்ணூர் நெடுஞ்சாலைக் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலிகளாக இருப்பவர்களின் பிள்ளைகள். வடசென்னைத் தமிழைச் சினிமாவில் கேட்டுச் சிரித்த ஊர், இவர்கள் ஆங்கிலம் பேசினாலும் அந்த இழுப்பைக் கண்டுபிடித்து “ஆக்சென்ட் சரியில்லை” என்கிறது. வெள்ளைக்காரன் நமக்குச் சொல்லும் அதே சொல்லை, கான்வென்ட்டில் படித்தவர்கள் இவர்களுக்குச் சொல்கிறார்கள்.

வகுப்பு தொடங்குவதற்கு முன் பத்து மாதம் தாய்லாந்தின் வடகிழக்கில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். பள்ளியில் சமையல் பார்த்த அம்மாவின் வீட்டில் தங்கியிருந்தேன். தரையில் பாய் விரித்து வட்டமாக உட்காருவோம். மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு, நடுவில் ஒரு கிண்ணம் மிளகாய்த் துவையல். பாட்டி முதல் பேரன் வரை எல்லோர் கையும் அந்தக் கிண்ணத்தில்தான், என் கையும். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த அம்மா கேட்பது “சாப்டாச்சா” என்பதற்கான தாய் வார்த்தையை. பத்து மாதத்தில் என் அப்பா யார், தாத்தா என்ன செய்தார், நான் எந்தத் தெருவில் பிறந்தேன் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

உடனே தாய்லாந்து சமத்துவபுரம் என்று எழுதிவிட மாட்டேன். அங்கே இந்தியர்களை ‘கேக்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்று பொருள், சொல்கிற தொனியில் இளக்காரம். அதே பள்ளியில் வேலை பார்த்த வெள்ளைக்கார ஆசிரியருக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். பெற்றோர் சிலர் என் நிறத்தைப் பார்த்துவிட்டு, ஏன் ‘ஃபராங்’ கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். ஃபராங் என்றால் வெள்ளைக்காரர்.

ஆனால் அந்த நாட்டில் என் பூர்வீகத்தைக் கேட்ட ஒரே மனிதர் ஒரு தமிழர்தான். பாங்காக் சீலோம் சாலையில், 19ஆம் நூற்றாண்டில் புலம்பெயர்ந்த தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. விடுமுறைக்குப் போனபோது அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் பழக்கமானார். தமிழ் கேட்டதும் உருகிவிட்டார். “லாட்ஜ் எதுக்கு தம்பி, நம்ம வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு” என்றார். பிறகு கேள்விகள்.

“சொந்த ஊரு?”

“மெட்ராஸ்ணே.”

“மெட்ராஸ்ல எங்க?”

“விம்கோ நகர்.”

“அது சரி, அதுக்கு முன்னாடி? பூர்வீகம்?”

செங்கல்பட்டுப் பக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன். ஊரிலா, காலனியிலா என்றார். சொன்னேன். டீ முடிந்தது. மாடி அறையைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை.

1917இல் அம்பேத்கருக்கு நடந்தது தோழர்கள் அறிந்ததுதான். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசு வேலைக்கு வந்தவருக்கு அந்த நகரத்தில் ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து துரத்தினார்கள். இந்து நண்பர் ஒருவரும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அயல்நாட்டில் இருந்தபோது தான் தீண்டப்படாதவன் என்ற நினைவே அற்றுப்போயிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இன்று அந்த மறதிக்கும் வழியில்லை. பரோடா விமானம் ஏறிப் பின்னாலேயே வருகிறது.

அதனால்தான் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் க்‌ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டத்தை நிறைவேற்றியபோது, வேலையோடு வீட்டு வாடகையையும் சேர்த்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் தடுத்துவிட்டார்; இருக்கும் சட்டங்களே போதும் என்றார். போதுமா என்று அறை தேடி அலையும் மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் நம் பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் கட்டணமும் பயணச் செலவும் கிடைத்தாலும், போய் இறங்கியதும் தேடுவது ஒரு அறையை. “நம்மாளுங்க வீடு இருக்கு, பயப்படாதே” என்று முகவர் சொல்லும் அந்த ‘நம்மாளுங்க’ யார்? திட்டத்தில் போகும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழக விடுதியையோ, விசாரித்துப் பதிவுசெய்த வீட்டையோ துறையே ஏற்பாடு செய்யட்டும். சாதி கேட்டு அறை மறுத்தால் புகார் வாங்க அங்கே ஓர் ஆள் இருக்கட்டும். புலம்பெயர் தமிழர் நலனுக்கு வாரியம் வைத்திருக்கும் அரசுக்கு இது பெரிய வேலை இல்லை.

என் வகுப்பிலிருந்து ஒரு மாணவி இந்த ஆண்டு தாய்லாந்துப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள். தங்குமிடம் என்ற கட்டத்தில் இரண்டு விருப்பங்கள்: உள்ளூர்க் குடும்பம், இந்தியக் குடும்பம். அவளுடைய அம்மா, இந்தியக் குடும்பம் என்றால் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இருக்காதே என்றார். உள்ளூர்க் குடும்பத்தில் டிக் போடச் சொல்லியிருக்கிறேன்.