எழுதாத தேர்வுக்கு முதலிடமா?

ஆசிரியர்களே, பெற்றோர்களே! போட்டியற்ற வெற்றி மக்கள் நம்பிக்கையின் சான்று என்பர் சிலர். எழுதப்படாத தேர்வுக்கு நாம் மதிப்பெண் இடுவோமா?

புக்கிட் மேராவின் ஒரு பகுதி அடங்கிய தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில், 1991 முதல் 2011 வரை ஐந்து பொதுத்தேர்தல்களிலும் வாக்குப்பதிவே நடைபெறவில்லை. 2011இல் எதிரணியின் மனு 35 வினாடி தாமதத்தால் ஏற்கப்படவில்லை. 1991இல் 21 வயதான ஒருவர், அத்தொகுதியிலேயே வாழ்ந்திருப்பின், நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறை வாக்களிக்கையில் அவருக்கு வயது 45!

2015இல் மக்கள் செயல் கட்சி 77.71 விழுக்காடு பெற்றது. முன்பும் வென்றிருக்கும் என்பீர். இருக்கலாம். விடை தெரிந்த மாணவனும் தேர்வு எழுதத்தானே வேண்டும்?

வாக்கு என்றால் சொல். கேட்கப்படாத சொல்லைச் சம்மதம் என்று மாணவர்க்குக் கற்பிக்காதீர்.