ஆறு வயது வரை காத்திருக்க முடியாது!

ஒரு குழந்தை காது கேளாமல் பிறக்கிறது. இன்னொரு குழந்தை பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கிறது. மூன்றாவது குழந்தைக்குப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை. இந்த மூன்று குழந்தைகளும் மில் தொழிலாளியின் குடிசையிலும் பிறக்கலாம், மில் முதலாளியின் மாளிகையிலும் பிறக்கலாம். பிறப்பிலே பேதம் இல்லை. பிறந்த பிறகு நடப்பதிலேதான் பேதம் முழுவதும் இருக்கிறது.

இந்த மூன்று குறைகளுக்கும் வைத்திய சாஸ்திரம் வழி கண்டிருக்கிறது. குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தால் தைராய்டு குறை தெரிந்துவிடும். பிறந்த சில வாரங்களுக்குள் தினம் ஒரு மாத்திரை கொடுக்கத் தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். கொடுக்காவிட்டால் மூளை வளர்ச்சி குன்றிவிடும். பின்னால் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் இழந்தது திரும்பாது. வளைந்த பாதத்துக்கு, பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி, வாரம் ஒரு முறை மாவுக்கட்டு மாற்றிப் போட்டால் பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகும். அதன்பின் சில வருஷங்களுக்குத் தனிப் பூட்ஸ் அணிவிக்க வேண்டும். காது விஷயத்தில் கணக்கு இன்னும் கண்டிப்பானது: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பார்கள். இந்தக் குழந்தைகளுக்கு ஐந்து வயது என்பதே காலம் கடந்த வயது.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இன்று நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் மையங்களாக விரிந்திருக்கிறது. அவ்வளவு மையங்கள் வேண்டும் என்று 2006-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட நேர்ந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2013-ல் ‘ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம்’ என்ற திட்டம் வந்தது. இதன்படி டாக்டர்கள் கொண்ட குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். குறை கண்ட குழந்தையை ஜில்லா ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே குழந்தை மருத்துவர், காது-பேச்சுப் பயிற்சியாளர், உடற்பயிற்சி வைத்தியர், மனநல நிபுணர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். ஏட்டளவில் இது நல்ல திட்டம்.

ஆனால் குறையைக் கண்டுபிடிப்பது வேறு, குறையைத் தீர்ப்பது வேறு. மையம் இருப்பது ஜில்லாத் தலைநகரத்திலே. குழந்தை இருப்பது கடைக்கோடிக் கிராமத்திலே. மாவுக்கட்டு வாரா வாரம் போட வேண்டும். பேச்சுப் பயிற்சி மாதக்கணக்கில் நடக்க வேண்டும். நடவு நாளில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனால் அன்றையக் கூலி போயிற்று. மில்லில் வேலை செய்யும் தகப்பன் வாரம் ஒரு ஷிப்டு வராவிட்டால் மேஸ்திரி அடுத்த வாரம் வேறு ஆளைப் பார்ப்பான். ‘சிகிச்சை இலவசம்’ என்று ஆஸ்பத்திரியில் போர்டு தொங்குகிறது. கட்டணமோ கூலியிலே பிடித்தமாகிறது! மூன்றாவது வாரத்தில் அந்தத் தாய் வராமல் நின்றுவிட்டால், ‘ஜனங்களுக்கு அக்கறை இல்லை’ என்று அதிகாரி எழுதி வைக்கிறார். அக்கறை இல்லாதது யாருக்கு?

சட்டமும் இந்தக் குழந்தைகளைக் கைவிட்டிருக்கிறது. 2002-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை உரிமையாக்கினார்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கோ ‘அரசு முயற்சி செய்யும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டமும் இலவசக் கல்வி உரிமையை ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது. எந்த வயதில் உதவி பலன் தருமோ அந்த வயதில் வெறும் முயற்சி. பலன் குறைந்துபோன வயதில் உரிமை! இது என்ன நியாயம்?

பணம் இல்லை என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 2014-15 பட்ஜெட்டில் அங்கன்வாடித் திட்டத்துக்கு 18,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். அடுத்த வருஷம் அதை சுமார் 8,300 கோடியாக வெட்டினார்கள். ‘மாநிலங்களுக்கு வரிப் பங்கை உயர்த்திவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்’ என்பது மத்திய சர்க்காரின் பதில். வருஷ நடுவில் அவர்களே மேலும் பணம் ஒதுக்க வேண்டி வந்ததே, அந்தப் பதில் எவ்வளவு பொய்யானது என்பதற்குச் சாட்சி. அதே 2015 பட்ஜெட்டில்தான் பணக்காரர்கள் மீதான சொத்து வரியை ரத்து செய்தார்கள். 2019-ல் கம்பெனிகளின் வரியைக் குறைத்தபோது, வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று நிதி மந்திரியே அறிவித்தார். 2025-26-ல் அங்கன்வாடியும் ஊட்டச்சத்தும் சேர்ந்த முழுத் திட்டத்துக்கும் ஒதுக்கியது சுமார் 22,000 கோடி. அதைப் போல ஆறு மடங்குக்கு மேல் கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. பணம் இருக்கிறது, அது போகும் திசைதான் வேறு.

இந்த நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமில்லை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25. பசியும் வளர்ச்சியைத் தடுக்கும் நோய்தான்.

குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை, உட்காரும் வயதில் உட்காரவில்லை என்பதைத் தாய்க்கு அடுத்தபடி முதலில் கவனிக்கும் கண் அங்கன்வாடி ஊழியருடையது. அவருக்கு மத்திய சர்க்கார் 2018-ல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் ரூ. 4,500. சம்பளம் என்ற பெயர்கூட அதற்கு இல்லை. இவர்களைத் தொழிலாளிகளாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு சிபாரிசு செய்தது. கிராஜுவிட்டி பெறும் உரிமை உண்டு என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அரை வயிற்றுக் கூலிக்கு ஆள் வைத்துவிட்டு முழு வேலையை எதிர்பார்ப்பது மோசடி.

எனவே நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று: பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காதுச் சோதனையும் தைராய்டு சோதனையும் சர்க்கார் செலவில் நடக்க வேண்டும்.

இரண்டு: ஜில்லா மையத்தின் எல்லாப் பதவிகளையும் நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். பயிற்சியாளர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

மூன்று: குழந்தையை அழைத்துவரும் தாய்க்கோ தகப்பனுக்கோ பஸ் கட்டணமும் அன்றையக் கூலியும் தர வேண்டும். ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும்.

நான்கு: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கவனிப்பைச் சட்ட உரிமையாக்க வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களுக்கு முறையான சம்பளம் வேண்டும்.

நம் வீடுகளிலும் ஒரு வேலை இருக்கிறது. ‘இவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்’ என்று ஒரு வருஷத்தைக் கழிப்பதும், ‘தலைவிதி’ என்று மூலையில் ஒடுங்குவதும் இனி வேண்டாம். சந்தேகம் வந்த அன்றே குழந்தையை அங்கன்வாடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் குழு கடைசியாக எப்போது வந்தது என்று கிராம சபையிலே எழுந்து கேளுங்கள். போனஸ் கேட்கும் சங்கம் இதையும் கேட்கட்டும். கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கம் இதற்கும் கொடி பிடிக்கட்டும்.

பட்ஜெட் அடுத்த வருஷமும் வரும். குழந்தையின் முதல் வருஷம் மறுபடி வராது.