விட்டுப்போன மனை

பூமியைத் தோண்டிப் பண்டைக் காலத்துச் சின்னங்களைக் காணும் ஸ்தலங்களுக்குச் சீனர் 'யீ-ஜி' என்று பெயர் வழங்குகின்றனர். 'யீ' என்பது விட்டுச் செல்லப்பட்டது. 'ஜி' என்பது கட்டடம் நின்ற மனை. உயிலையும் பிதுரார்ஜிதத்தையும் குறிக்கும் சீனச் சொற்களிலும் இதே 'யீ' முதலில் நிற்கிறது. ஆங்கிலேயர் 'ஸைட்' என்று வெறும் இடத்தைச் சொல்லுகின்றனர். நாம் 'இடிபாடு' என்று அழிவைச் சொல்லுகிறோம். சீனரின் சொல்லிலோ ஆஸ்தியின் வாசனை வீசுகிறது.

அந்நாட்டின் நிலைமைக்கு இச்சொல் மிகவும் பொருந்தும். அங்கே பண்டை மாளிகைகள் பெரும்பாலும் மரத்தாலானவை. மரம் மக்கியோ எரிந்தோ போனால் அடித்தளமே மிஞ்சும். ஆன்யாங் நகருக்கருகே 1928-ல் அகழத் தொடங்கிய ஷாங் வம்சத்துத் தலைநகரில் அரண்மனை எதுவும் எழுந்து நிற்கவில்லை. திமிசடித்து இறுக்கிய மண்மேடைகளே கிடைத்தன. அவற்றாலும் எழுத்துப் பொறித்த எலும்புகளாலும், அறிஞர் சிலர் ஐயுற்ற அவ்வம்சம் சரித்திரத்தில் ஸ்திரமாயிற்று.

எனினும் இச்சொல்லின் முழு வலிமையும் பெய்ஜிங்கிலேதான் விளங்கும். யுவான்மிங்யுவான் என்னும் அரச உத்தியானத்தை 1860 அக்டோபரில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் துருப்புகள் கொள்ளையிட்டன. பின்னர் எல்ஜின் பிரபுவின் கட்டளைப்படி பிரிட்டிஷார் அதற்குத் தீ வைத்தனர். அதே எல்ஜின் 1862-ல் நம் தேசத்துக்கு வைஸ்ராயாக வந்தார். அப்படையெடுப்பில் இந்தியச் சிப்பாய்களும் சேர்க்கப்பட்டிருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. 1988 முதல் பொது ஜனங்களுக்குத் திறந்திருக்கும் அவ்விடத்தின் பெயரிலேயே 'யீ-ஜி' இடம் பெற்றிருக்கிறது. ஹார்பினில் ஜப்பானியச் சேனையின் 731-வது பிரிவு மனிதர்மீது கொடிய பரிசோதனைகள் நடத்திய இடத்தையும் இச்சொல்லால் குறிக்கின்றனர். புகழ் விளைந்த மனையும் அவமானம் விளைந்த மனையும் ஒரே பெயரால் வழங்குகின்றன.

யுவான்மிங்யுவானைப் பழையபடி கட்டியெழுப்ப வேண்டும் என்போர் உளர். நாம் அதற்கு உடன்படோம். புதிய மாளிகை இன்றைய செல்வத்தைக் காட்டும். அன்றைய குற்றத்தைக் காட்டாது. சாட்சியை அப்புறப்படுத்திவிட்டு வழக்கை நடத்துவதெங்ஙனம்?

ஆனால் சாட்சி முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அந்நியர் இட்ட தீ அணைந்த பிறகு, அங்கிருந்த மரங்களை வெட்டியவரும் கற்களைப் பெயர்த்துச் சென்றவரும் உள்நாட்டாரே. அதையும் அவ்விடத்தில் ஒளியாமல் சொல்லுவதே 'யீ-ஜி' என்ற பெயருக்குத் தகும். இது சீனருக்கு மட்டும் உரிய நீதியன்று; பழம் பெருமை பேசும் எல்லாத் தேசத்தார்க்கும் உரியது. முன்னோரின் ஆஸ்தியை ஏற்பவன் அவர்களுடைய கடனையும் ஏற்கக் கடவன்.