வர்ணத்துக்கு முன் பொருத்தம்

சிலாபம் – புத்தளம் வீதியில் முந்தலைக் கடந்து போவோருக்குக் களப்புக் காற்றின் உப்பு வாசனை தெரியும். நமக்கு இதமான அந்தக் காற்று இரும்புக்குப் பகை. தேங்காயும் உப்பும் ஏற்றி ஒரு குடும்பத்துக்கே சோறு போட்ட பழைய லொறி, ஓட்டம் நின்று தென்னை நிழலில் ஒதுங்கினால், கதவின் அடியும் மட்காட்டின் ஓரமும்தான் முதலில் துருப்பிடித்து உதிரும்.

"வாப்பா ஓடிய லொறி, பழைய இரும்புக்குக் கொடுக்க மனம் வரவில்லை" என்று அதைத் திருத்த முன்வரும் பிள்ளைகளுக்காகவே இம்மாதம் எழுதுகிறோம். அவர்கள் செய்யும் பெரிய பிழை, தகடுகளுக்கு வர்ணம் பூசிய பிறகு பொருத்திப் பார்ப்பதுதான். கதவு மூடாது. தட்டி நிமிர்த்துவார்கள். வர்ணம் வெடிக்கும். ஒரு வேலைக்கு இரண்டு கூலி!

இங்கிலாந்தின் வொக்ஸ்ஹோல் நிறுவனம் 1931 இல் பெட்போர்ட் லொறிகளைச் செய்யத் தொடங்கியது. மூக்கு நீண்ட டீ.ஜே. ரகம் 1958 இல் வந்தது. இத்தகைய லொறிகளின் பின்புற மரப் பெட்டியைக் கட்டியவர்கள் நம் தச்சர்கள். முன்புறத் தகடுகளில் சில துளைகள் போல்ட்டைவிடப் பெரிதாக இருக்கும். அது பிழையல்ல, அசைத்துப் பொருத்துவதற்காகவே அப்படி விட்டிருக்கிறார்கள்.

முதலில் லொறியைச் சமதரையில் அதன் சொந்தச் சக்கரங்களில் நிறுத்துங்கள். ஜக்கில் தூக்கி வைத்தால் செசி சற்று முறுகும். அங்கே சரியாக மூடும் கதவு தரையில் இறக்கியதும் மூடாது. அடுத்து, கெபினைத் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். அவை நசிந்திருந்தால் கெபின் சரியும். கதவைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடிப்பகுதி உக்கியிருந்தால், அதை வெட்டுமுன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் வாசல் ஒடுங்கிவிடும். புதுத் தகட்டை ஒரே இழுப்பில் வெல்டிங் செய்யாதீர்கள், சூட்டில் நெளியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, கதவை மூடிப் பார்த்து, பின்பு கொஞ்சம் கொஞ்சமாக முடியுங்கள்.

வரிசை இதுதான்: கெபின், கதவு, ரேடியேட்டர்ச் சட்டம், மட்காட், கடைசியில் பொனட். கதவின் கைப்பிடிப் பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் பிணைச்சல் ஆணி தேய்ந்திருக்கிறது. அதை முதலில் மாற்றுங்கள். பூட்டு கொளுவும் கொண்டியைக் கழற்றிவிட்டே கதவைப் பொருத்துங்கள். கொண்டி கதவைத் தூக்கிப் பிடித்து உங்களை ஏமாற்றும். புது ரப்பரையும் வைத்தே பாருங்கள். அது தடிப்பாக இருந்தால் கதவு வெளியே தள்ளும்.

எல்லா போல்ட்டுகளையும் கைவிரலால் மட்டும் முறுக்கி வையுங்கள். இடைவெளியை ஒரே தடிப்புள்ள மட்டையால் அளந்து, தேவையான இடத்தில் வாசர் வைத்து, அதன் பின்பே இறுக்குங்கள். பொருந்திய பிறகு, பிணைச்சலையும் தூணையும் ஊடுருவ ஒரு சிறு துளை இடுங்கள். வர்ணம் பூசி வந்ததும் அந்தத் துளையில் ஆணியைச் செருகினால் கதவு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் பட்டியால் அடைத்துவிடாதீர்கள். துரு மறுபடி பிறப்பது அங்கேதான்.

இத்தனை பாடு அழகுக்காக மட்டுமா? பூட்டுச் சரியாகக் கொளுவாத பொனட், ஓட்டத்தில் காற்றில் எழுந்து சாரதியின் பார்வையை மறைக்கும். சரியாக மூடாத கதவு ஒரு திருப்பத்தில் திறந்தால், அதன் அருகே அமர்ந்திருப்பது நம் பிள்ளையாக இருக்கலாம். ஆகவே சகோதரர்களே, வர்ணக் கடைக்குப் போகுமுன் கதவை ஒருமுறை மெதுவாக மூடிப் பாருங்கள். அடித்துச் சாத்தாமல் அது தானே கொளுவினால், வர்ணம் வாங்கப் புறப்படலாம்.