பிள்ளையின் முகத்தில் என்ன குறை கண்டீர்கள்?

ஆறாம் வகுப்பு படிக்கிற பெண்ணின் முகத்தில் எந்தச் சுருக்கத்தைக் கண்டீர்கள், சுருக்கம் போக்கும் சீரம் வாங்கிக் கொடுக்க? என் மகளின் தோழி ஒருத்தி பிறந்தநாளுக்கு அதைத்தான் கேட்டாளாம். வாங்கியும் கொடுத்துவிட்டார்கள். ரெட்டினால் என்று பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வயது ஏற ஏறத் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகம் குறையும் அல்லவா, அதைத் தூண்டிவிடுகிற சரக்கு அது. பதினொரு வயதுத் தோலுக்கு யாரும் தூண்டிவிட வேண்டியதில்லை; அது பாட்டுக்கு மளமளவென்று புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன்மேல் இதைத் தடவினால் கன்னம் உரிகிறது, சிவக்கிறது, வெயில் பட்டால் எரிகிறது. எரிச்சலுக்கு இன்னொரு க்ரீம். அந்த க்ரீமுக்கு முன்னால் ஒரு டோனர். "எல்லாம் இந்த இன்ஸ்டாகிராம் பண்ற வேலைங்க" என்று அவளுடைய அம்மா என்னிடம் அலுத்துக்கொண்டார். கடைக்குப் போய்ப் பணம் கட்டியது இன்ஸ்டாகிராமா?

போனைத் திட்டுவது நமக்கு வசதியாக இருக்கிறது. அந்தப் பிள்ளை போனைக் கையில் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே, உன் முகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லிக்கொடுத்தது நம் வீடுதான். வயிற்றில் இருக்கும்போதே பாலில் குங்குமப்பூ. பிறந்த அன்றைக்கே காது மடலைத் திருப்பிப் பார்த்து நிறம் கணிக்கிற பெரியம்மா. பல குழந்தைகள் பிறக்கும்போது வெளுப்பாக இருந்து, போகப் போகத்தான் சொந்த நிறத்துக்கு வரும். அதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, நாளுக்கு நாள் கறுத்துக்கிட்டே வர்றா, என்னத்தைத் தேய்ச்சுக் குளிப்பாட்டறே?" என்று பாட்டி பதறுவார். உடனே பூலாங்கிழங்கு வரும், கஸ்தூரி மஞ்சள் வரும், கடலை மாவு வரும். பிஞ்சுத் தோலைப் பரபரவென்று தேய்த்தால் சிவக்கும்; சிவந்ததை நிறம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

நிறத்தைச் செய்யும் அணுக்கள் நம் எல்லார் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை செய்கின்றன என்பது அப்பா அம்மா வழி வருவது. குங்குமப்பூவும் கடலை மாவும் அதில் கை வைக்க முடியாது. நம் வெயிலுக்கு அந்த மெலனின்தான் பாதுகாப்பு. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதியவர்கள்தான் நாம். மகள் என்று வந்ததும் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்கிறோம். அதைப் பாராட்டு என்று வேறு நினைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகத்தை அப்போது யாரும் பார்ப்பதில்லை.

1975-இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. கறுப்பும் அழகுதான் என்று 2009-இல் ஒரு பெரிய பிரசாரமே நடந்தது. அதைத் தொடங்கியது சென்னையில் இருக்கும் ஒரு பெண்கள் அமைப்பு. பெயர்ப்பலகை மாறியிருக்கிறது, விளம்பரத்தின் பேச்சு மாறியிருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் நம் பேச்சு மட்டும் இம்மி மாறவில்லை.

இனி நான் உண்மையிலேயே சண்டை போட வந்த விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக் கடையில் வாங்குகிற ட்யூப்.

எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் இருமல் மருந்துக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அப்பா, கூடவே யூனிஃபார்மில் மகள். எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பாள். "பாப்பா முகம் டல்லா இருக்குங்க. அடுத்த மாசம் அவ அக்கா கல்யாணம். நல்ல க்ரீமா ஒண்ணு குடுங்க" என்றார். கடைப் பையன் ஒரு கேள்வி கேட்கவில்லை. மேல் தட்டிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து வைத்தான். "நைட் போடச் சொல்லுங்க சார். சீக்கிரமே பளிச்சுன்னு ஆயிடும்." அந்தப் பெண் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் மூன்று பெயர்கள்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். ஓரத்தில் சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதன் பக்கத்திலேயே. பெரியவர்களுக்கு முகத்தில் மங்கு விழுந்தால் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும், பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுக்கிற மருந்து இது. மூன்றாவது பெயர் ஸ்டீராய்டு. "சார், இதுல ஸ்டீராய்டு இருக்கு" என்றேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. "அப்படியா? எங்க வீட்ல இவ அம்மாவே ரொம்ப நாளா இதைத்தாங்க போடறாங்க" என்றார்.

அந்த அம்மாவால் ஏன் நிறுத்த முடியவில்லை என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீராய்டு க்ரீம் முதலில் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும்; முகம் வெளுத்தாற்போல் தெரியும். பரு அமுங்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் என்ன போடுகிறாய் என்று கேட்பார்கள். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் நூல் நூலாய் வெளியே தெரியும். பரு கொத்தாக வரும். கன்னத்தில் பூனை முடி வளரும். அடுப்படியில் நின்றாலே முகம் எரியும். பயந்துபோய் நிறுத்தினால், நிறுத்திய சில நாளில் முகம் செக்கச் செவேலென்று வீங்கிக் காந்தும். திரும்பத் தடவினால்தான் அடங்கும். கந்துவட்டிக்காரனிடம் கைமாற்று வாங்கிய கதைதான். தோல் மருத்துவர்கள் இதற்கென்றே, ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை முகங்களைப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள். 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட பதினான்கு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, ட்யூப் மேல் தட்டில் இருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியில் இருப்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன். இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அது அழகு சாதனம் கிடையாது, மருந்து. படர்தாமரைக்கு வாங்கிய க்ரீமிலும் இவை கலந்திருக்கலாம். பிள்ளை மாதக்கணக்கில் போட்டிருந்தால் கோபத்தில் பிடுங்கிக் குப்பையில் வீசாதீர்கள்; ட்யூபோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார். பணம் பிரச்சினை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் கொஞ்ச நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இதைவிட மோசம், பெட்டியில் எந்த விவரமும் இல்லாமல் வருகிற வெள்ளை டப்பாக்கள். வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, பார்லர் அக்கா தானே தயாரித்துத் தருவது, வாட்ஸப்பில் ஆர்டர் எடுப்பது. இவற்றில் பலவற்றில் பாதரசம். மெலனின் உற்பத்தியைத் தடுக்கும் என்பதால்தான் சேர்க்கிறார்கள். அதனால்தான் சட்டென்று வெளுக்கிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் ஒழுகிக் கால் வீங்கி வந்த நோயாளிகளைப் பார்த்த சிறுநீரக மருத்துவர்கள், பலருக்குப் பொதுவாக இருந்தது சிவப்பழகு க்ரீம்தான் என்று கண்டுபிடித்தார்கள். அவர்களில் பள்ளிக்கூடப் பெண்ணும் உண்டு. 2023-இல் அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடை கடையாய்ச் சோதனை போட்டது. நம் நாட்டு விதிப்படி முகத்தில் பூசும் க்ரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தவறிக் கலந்தால்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இதில் அம்மாக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பூசுகிறவர் உடம்போடு பாதரசம் நிற்பதில்லை. ஆவியாகும், துண்டிலும் தலையணையிலும் ஒட்டும். நீங்கள் பூசிக்கொண்டு கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டால் அதற்கும் பங்கு உண்டு.

கெமிக்கல் எதுவும் நாங்கள் தொடுவதில்லை, எங்களுக்குப் பொட்டு, மை, மருதாணி மட்டும்தான் என்கிற வீட்டாரும் கொஞ்சம் நில்லுங்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் சிலருக்குப் பொட்டு வைக்கும் இடத்திலேயே தோலை வெளுக்க வைக்கும். வட்டமாக வெள்ளை விழுந்த பிறகும் அதை மறைக்க இன்னும் பெரிய ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அரைத்த மருதாணி ஆரஞ்சில் தொடங்கி மறுநாள்தான் நன்றாகச் சிவக்கும். அரை மணியில் கறுகறுவென்று பிடிக்கிற கோனில் இருப்பது தலைச்சாயத்தில் போடுகிற சரக்கு. கை கொப்பளித்தால் அத்தோடு போகாது, பின்னாளில் தலைக்குச் சாயம் பூசும்போதும் ஒவ்வாமை வந்து நிற்கும். பச்சைக் குழந்தைக்குக் கண் பெரிதாகும் என்று விரலால் மை இழுக்கிறார்களே, மையால் எந்தக் கண்ணும் பெரிதானதில்லை. கடை மையில் ஈயம் இருக்கலாம், விரல் நகத்தில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திருஷ்டிப் பொட்டு வேண்டுமா? ஜவ்வரிசி கருக்கிச் சாந்து காய்ச்சி உள்ளங்காலில் வையுங்கள். கண்ணை விட்டுவிடுங்கள்.

பையன்களின் அப்பாக்கள் இவ்வளவு நேரம் நிம்மதியாகப் படித்திருப்பீர்கள். உங்கள் பையன் காலையில் பாடி ஸ்ப்ரேயில் பாதி டப்பாவை உடம்பில் காலி செய்துவிட்டுத்தான் ஸ்கூல் வேனில் ஏறுகிறான். ஏசி வேன், கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கும். என் மகளுக்கு வீசிங் உண்டு. பையில் இன்ஹேலர் இருக்கிறது. வேனில் வரும்போது அதை எடுக்க வேண்டியிருந்தது என்று அவள் சொன்ன அன்று, அந்தப் பையனின் வீட்டுக்குப் போன் செய்தேன். "வயசுப் பையன், வாசனையா இருக்கட்டும்னு விட்டுட்டோம் மேடம்" என்றார் அப்பா. வயசுப் பையன் என்பது சரிதான். அந்த வயதில்தான் அக்குளில் புது வகைச் சுரப்பிகள் வேலையைத் தொடங்குகின்றன. வேர்வைக்கு வாடையே இல்லை. அதைத் தின்று வாடை கிளப்புவது தோலில் இருக்கும் நுண்ணுயிர்கள். சோப்புப் போட்டுக் குளித்து, துவைத்த பனியனும் சாக்ஸும் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குளிக்காமல் மேலே அடிப்பதற்குப் பெயர் வாசனையா? நம் ஊரில் வாசனைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. என் தாத்தா ஜவ்வாதைக் குளித்துவிட்டு வந்துதான் பூசுவார். அதையும் காதோரம் ஒரு பொட்டு, அத்தனைதான். பக்கத்தில் போனால்தான் தெரியும்.

மகள்களுக்குத் திரும்புகிறேன். இந்த நிறப் பைத்தியத்தில் எனக்கு ஆத்திரம் வருவது க்ரீமால்கூட இல்லை. "வெயில்ல விளையாடாதே, கறுத்துடுவே" என்று பெண் பிள்ளையைக் கபடியிலிருந்தும் ஓட்டப்பந்தயத்திலிருந்தும் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வருகிறீர்களே, அதனால்தான். அவள் அண்ணன் அதே வெயிலில் கிரிக்கெட் மட்டையோடு நிற்கிறான். உச்சி வெயிலைத் தவிர்க்கச் சொல்லுங்கள், தொப்பி வாங்கிக் கொடுங்கள், சன்ஸ்க்ரீன் பூசிவிடுங்கள், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுங்கள். ஆட்டத்தை நிறுத்தாதீர்கள்.

நம் பள்ளி ஆண்டு விழா வருகிறது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். போன முறை மேடைக்குப் பின்னால் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். வகுப்புப் பிள்ளைகள் மொத்தத்துக்கும் ஒரே ரோஸ் நிற பேன்கேக், ஒரே ஸ்பாஞ்ச். முகம் ஒரு நிறம், கழுத்து சொந்த நிறம். ஒரே கண் பென்சில் வரிசையில் எல்லார் இமைக்குள்ளும் போய் வந்தது. ஒரு பிள்ளைக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் போதாதா? நடனத்தில் முன் வரிசை எப்படி அமைந்தது என்பதையும் பார்த்தீர்கள். நன்றாக ஆடிய பிள்ளைகள் மூன்றாவது வரிசையில் நின்றார்கள், ஸ்டெப்பை மறந்து பக்கத்தில் பார்த்துப் பார்த்து ஆடிய வெளுத்த பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். நான் கேட்டதற்கு, "ஹைட் படி நிறுத்தினோம் மேடம்" என்று பதில் வந்தது. உயரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று புகைப்படத்தைப் பார்த்தாலே தெரியும்.

போன பெற்றோர் கூட்டத்தில் இதை நான் ஒருத்திதான் கேட்டேன். வெளியே வந்த பிறகு, "நல்லாக் கேட்டீங்க" என்று படிக்கட்டில் வைத்துப் பலர் சொன்னீர்கள். எனக்குப் படிக்கட்டுப் பாராட்டு வேண்டாம். இந்த முறை ஒத்திகை தொடங்குமுன் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. வாருங்கள். கண் பென்சிலும் லிப்ஸ்டிக்கும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரலாம், பேன்கேக் வேண்டவே வேண்டாம், முன் வரிசை ஆடுகிற பிள்ளைக்கு என்று மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேன். அப்பாக்களும் வரலாம், சனிக்கிழமைதான்.