தாத்தா துப்பாக்கியும் தூரத்துப் பாசமும்

போன ஞாயிறு காலை. மௌலா அலியில் எங்கள் வீட்டு பால்கனியில் நின்றால் குன்றும் அதன் உச்சியில் தர்காவும் தெரியும். காபி டம்ளரோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு சிங்கப்பூரிலிருந்து அண்ணன் போன்.

"டேய், பெரியப்பா துப்பாக்கியோட வரப்புல விழுந்துட்டாராம்."

"ஐயோ, பெரியப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"அவருக்கு முட்டியில சிராய்ப்புதான். துப்பாக்கிக்குத்தான்டா கட்டை வெடிச்சிருச்சு, குழல் நசுங்கிருச்சு. தாத்தா துப்பாக்கிடா அது!"

இந்த வரிசையைக் கவனித்தீர்களா? நான் கேட்ட பிறகுதான் 74 வயது மனுஷனின் முட்டி பேச்சில் வந்தது. அன்று ராத்திரிக்குள் சிங்கப்பூர், துபாய், பெங்களூரு, ஹைதராபாத் என்று நாலு ஊரிலிருந்தும் ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. ரிப்பேர் பண்ணணும், என்ன செலவானாலும் பரவாயில்லை, எல்லோரும் பங்கு போட்டுக்கலாம். இதற்கு மாற்றாக "கடையில கொடுத்துட்டு வேற வாங்கிக்கட்டும்" என்று சொன்னது நான் ஒருத்தன்தான். அதனால் இப்போது குடும்பத்தில் பாசமில்லாத ஜென்மம் நான் :-)

சரி, அந்தப் பட்டத்தோடேயே எழுதுகிறேன். நம்மில் நிறைய பேர் வீட்டில் இந்தக் கதை இருக்கும். துப்பாக்கி இல்லாவிட்டால் பழைய மோட்டாரோ, அப்பாவின் பழைய புல்லட்டோ இருக்கும். ஆனால் மோட்டார் ரிப்பேர் சரியில்லை என்றால் தண்ணி வராது, அவ்வளவுதான். துப்பாக்கி ரிப்பேர் சரியில்லை என்றால் ஆள் இருக்க மாட்டார்.

முதலில் அடிபட்டது என்ன என்று பார்ப்போம். புதுக்கோட்டைப் பக்கத்து கிராமம். தாத்தா வாங்கியது, இந்தியத் தயாரிப்பு, 12 போர், இரட்டைக்குழல். 12 போர் என்றால் பலர் ஏதோ மில்லிமீட்டர் கணக்கு என்று நினைக்கிறார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் அதில் ஒன்று சரியாக நுழையும் குழல் என்று அர்த்தம். குறுக்களவு சுமார் 18.5 மி.மீ.

பெரியப்பாவின் பேரன் போட்டோக்கள் அனுப்பியிருந்தான். மூன்று காயம்.

ஒன்று, கைப்பிடி பக்கம் மரக்கட்டையில் விரிசல். இது ஒரு விஷயமே இல்லை. தெரிந்தவர் ஒட்டி, உள்ளே ஊசி வைத்து இறுக்கினால் இன்னும் முப்பது வருஷம் ஓடும். ஸ்பிரிங், பின் மாதிரி சாமான்களும் இப்படித்தான். மாற்றலாம், தப்பில்லை.

இரண்டு, வலது குழலின் வாயருகே கல்லில் பட்ட நசுங்கல். உள்நோக்கிய நசுங்கல். இதை நல்ல துப்பாக்கி மெக்கானிக் உள்ளே அச்சு விட்டு மெல்ல எழுப்ப முடியும். எழுப்பிய பிறகு அந்த இடத்தில் சுவர் எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும்.

மூன்றாவதை யாரும் கவனிக்கவில்லை. குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படத்தில் இடது குழலுக்குள், நடுவுக்குச் சற்று முன்னால், வளையல் மாதிரி ஒரு நிழல். எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் பிழைப்பே அழுத்தக் கலன்களையும் குழாய்களையும் சோதிப்பதுதான். பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, எப்பவாவது தோட்டா சரியா வெடிக்காம போச்சா?"

"ஆமாப்பா, போன ஐப்பசி அடைமழையில ஒண்ணு புஸ்ஸுன்னு போச்சு. நமத்துப் போயிருந்துச்சு போல. அடுத்தது நல்லா வெடிச்சுதே!"

நல்லாத்தான் வெடித்திருக்கிறது. நமத்த தோட்டாவின் அடைப்பு குழலுக்குள்ளேயே நின்றிருக்கிறது. அடுத்த தோட்டா அதன்மேல் மோதி, அந்த இடத்தில் எஃகை வெளிப்பக்கமாக ஊதிவிட்டிருக்கிறது. அன்றைக்கே குழல் பிளந்திருக்கலாம். பிளக்காதது பெரியம்மா கும்பிடும் அய்யனார் புண்ணியம்.

நசுங்கலுக்கும் வீக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் மக்களே. நசுங்கினால் எஃகு இடம் மாறியிருக்கிறது, பெரும்பாலும் திருப்பிக் கொண்டுவரலாம். வீங்கினால் எஃகு இழுபட்டு மெலிந்திருக்கிறது. அதை வெளியிலிருந்து தட்டிச் சமப்படுத்தினால் பார்க்க அழகாக இருக்கும், பழைய பலம் வராது. தோட்டா வெடிக்கும்போது என்ன அழுத்தம் என்று தெரியுமா? ஐரோப்பிய தர அளவில் சாதாரண 12 போர் தோட்டாவுக்கு அனுமதித்த உச்சம் 740 பார். வீட்டு குக்கர் விசில் அடிப்பது சுமார் 1 பாரில், கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். 740 என்பது தோட்டா இருக்கும் அடிப்பகுதியில், முன்னே போகப்போகக் குறையும், உண்மைதான். ஆனால் அதை நம்பித்தான் குழலையும் முன்னே போகப்போக மெலிதாகச் செய்கிறார்கள். மெலிந்த இடத்தில் இன்னும் மெலிந்து போனால் என்ன மிச்சம்?

இப்போது நம்ம சொந்தங்களின் ரிப்பேர் யோசனைகளுக்கு வருவோம்.

துபாய் மச்சான்: "ஊர்ல லேத் பட்டறை இருக்கே, நசுங்கின வாயை ரெண்டு இஞ்ச் அறுத்துட்டா போச்சு." மச்சான், 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. குழலைக் குட்டையாக்க தனி உரிமம் வேண்டும். இல்லாமல் அறுத்தால் அறுத்தவரும் உள்ளே, கொடுத்தவரும் உள்ளே. பெரியப்பா ஜாமீனுக்கு துபாயிலிருந்து யார் வருவது?

பெங்களூரு சித்தப்பா மகன்: "வெல்டிங் வெச்சு அடைச்சுடலாம்." இரட்டைக்குழலில் இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் சேர்த்திருப்பது பற்றுவைப்புதான். வெல்டிங் சூட்டில் அதுவும் இளகும், எஃகின் பதமும் போகும். போதாததற்கு, அதே சட்டத்தின் 5ஆவது பிரிவில் உற்பத்தி, விற்பனையோடு பழுதுபார்ப்பதும் இருக்கிறது. உரிமம் பெற்றவரைத் தவிர வேறு யாரும் தொழிலாகத் தொடக்கூடாது.

சிங்கப்பூர் அண்ணன்: "அப்ப நீ ஹைதராபாத் கொண்டு போயேன். நவாப் ஊராச்சே, நல்ல ஆள் கிடைப்பான்." இங்கே பீரங்கி வார்த்த ஊர்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிஜாமிடம் வேலை பார்த்த ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பட்டறையின் பெயரில்தான் கன்ஃபவுண்டரி என்ற பேட்டையே இருக்கிறது. அதற்காக, தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸ் துப்பாக்கியை உரிமமில்லாத நான் மூட்டை கட்டி ரயிலில் ஏற்ற முடியுமா? சிகந்தராபாத்தில் இறங்கினால் என்னை வரவேற்க பெண்டாட்டி வரமாட்டாள், போலீஸ்தான் வரும்.

இது எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் தந்தது கடைசி யோசனைதான். "சுட வேண்டாம், சும்மா சுவத்துல மாட்டி வெச்சுக்கட்டும். பரம்பரைச் சொத்து."

பரம்பரை என்றால் என்ன? லைசென்ஸ் குடும்பத்துக்குக் கொடுப்பதில்லை, ஒரு ஆளுக்குக் கொடுப்பது. 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு வழி இருக்கிறது. உரிமையாளர் 70 வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தான் சொல்லும் வாரிசின் பெயரில் உரிமம் கேட்கலாம். பெரியப்பாவுக்கு அந்தத் தகுதி வந்து நாலு வருஷம் ஆகிறது. நாங்கள் ஒன்பது பேரன் பேத்திகள். யாராவது ஒருத்தர் "என் பேருக்கு மாத்துங்க" என்றோமா? நானும் சேர்த்துத்தான் கேட்கிறேன். விசாரணை, மருத்துவச் சான்று, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்குதல். இதற்கெல்லாம் லீவு போட்டு ஊருக்குப் போக ஒருத்தருக்கும் நேரமில்லை. அவர் காலத்துக்குப் பிறகு அதை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க பெரியம்மாதான் அலைய வேண்டும். இதுதான் நம் பரம்பரைப் பெருமையின் லட்சணம். பெருமை நமக்கு, அலைச்சல் அவர்களுக்கு.

சுவரில் மாட்டினால் சும்மா இருக்கும் என்பதும் பொய். பயிரைக் காக்க வாங்கிய துப்பாக்கி அது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு தன் இஷ்டத்துக்குப் பன்றியைச் சுட முடியாது, சத்தம் காட்டி விரட்டத்தான். ஆனால் கடலைக்காட்டில் ராத்திரி பன்றி இறங்கினால் கைக்கு எட்டுவதைத்தான் அவர் எடுப்பார். இருட்டில் எது வலது குழல், எது இடது குழல்?

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரன் எக்சேஞ்சில் அடிமாட்டு விலைக்குக் கேட்பான், அது உண்மை. 1980களின் நடுவிலிருந்து தனியாருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. அதனால் குழல் கெடாத பழைய இங்கிலீஷ் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருந்தால் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். கட்டை உடைந்ததைக் காட்டிக் குறைத்துக் கேட்டால் நம்பாதீர்கள். நாலு இடத்தில் விலை கேளுங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அது மாதிரி தோட்டா இல்லாத துப்பாக்கியின் குழலைத் தனியே கழற்றி, தொங்கவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். கணீரென்றால் இணைப்பு நன்றாக இருக்கிறது. சொத்தென்றால் பட்டை விட்டிருக்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தால் தாராளமாக ரிப்பேர் பண்ணுங்கள், நானும் பங்கு தருகிறேன். எங்கள் கேஸ் அது இல்லை. வீங்கின குழலுக்கு விலை குறைவுதான். அந்த நஷ்டத்தைத்தான் நாம் ஒன்பது பேரும் பங்கு போட வேண்டும்.

வழிமுறையும் கஷ்டமில்லை. டீலரிடம் கொடுத்து வேறு வாங்கினால் லைசென்ஸில் பழைய எண் நீங்கி புது எண் ஏற வேண்டும். லைசென்ஸ் உள்ள தனி ஆளுக்கு விற்பதானால் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். வேறு வாங்கவும் விருப்பமில்லையா, ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

துப்பாக்கியில் பெருமை வேண்டுமென்றால் அதற்கும் ஆள் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிராப் பிரிவில் இந்திய ஆண்கள் அணி தங்கம் வாங்கியது. மூவரில் ஒருவர் எங்கள் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான், இன்னொருவர் இந்த ஹைதராபாத்தின் கைனான் செனாய். அதுவும் இதே 12 போர்தான். நான் பிறந்த ஊருக்கும் பிழைக்க வந்த ஊருக்கும் ஒரே மெடல். அதைவிட வேறென்ன வேண்டும்?

நேற்று ராத்திரி பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நானே போன வருஷமே குடுத்துரலாம்னுதான் இருந்தேன்பா. நீங்கள்லாம் வருத்தப்படுவீங்களேன்னு வெச்சிருந்தேன்."

நமக்காக அவர் வைத்திருந்தாராம். அவருக்காக என்று சொல்லி நாம் ரிப்பேர் பண்ணச் சொன்னோமாம். இரண்டு பக்கமும் வாயைத் திறந்து கேட்காததால் வீங்கின குழலோடு ஒரு வருஷம் போயிருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போன் போட்டால் சாமான் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். அது இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள்.

பி.கு: அண்ணன் இன்று காலை மறுபடி போன். "அப்ப அந்தக் கட்டையோட முன்னாடி இருக்கிற இரும்பையாவது கழட்டி ஞாபகார்த்தமா அனுப்பச் சொல்லு." அண்ணே, துப்பாக்கியின் பாகமும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். தாத்தா போட்டோ அனுப்புகிறேன், மாட்டிக்கோ :-)